பிரிசிஷனா, ஜாஸா? பேஸ் கிட்டார் கேள்வி பதில்

கேள்வி: தேவாலயப் பாடகர் குழுவிலும் மெல்லிசைக் குழுவிலும் வாசிக்க முதல் பேஸ் கிட்டார் வாங்கப் போகிறேன். கடையில் பிரிசிஷன் மாடல் ஒன்றும் ஜாஸ் மாடல் ஒன்றும் ஒரே விலையில் காட்டினார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எதை எடுக்கலாம்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இரண்டுமே ஃபெண்டர் நிறுவனத்தின் வடிவங்கள். பிரிசிஷன் 1951இல் வந்தது. இன்று அதற்கென்று நாம் அறிந்த ஓசை, 1957இல் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தப் பாகம்) இரண்டு துண்டாக்கி வைத்த பிறகு அமைந்தது. ஜாஸ் வந்தது 1960இல். இரண்டிலும் நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்தி அமரும் பட்டை) பிரிட்ஜ் (உடலில் தந்தி அமரும் பாகம்) வரை தந்தியின் நீளம் 34 அங்குலம்தான். ஆகவே ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) நடுவே விரல் விரிய வேண்டிய தூரத்தில் மாற்றமில்லை.

கைக்குத் தெரியும் வித்தியாசம் நெக்கின், அதாவது கழுத்தின், அகலம். ஜாஸில் நட் 38 மி.மீ.; வழக்கமான பிரிசிஷனில் 41 மி.மீ. அல்லது அதற்கும் மேல். 3 மி.மீ. என்ன செய்துவிடும் என்று தோன்றும். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் ஒரு மணி நேரம் வாசித்தால் கட்டைவிரல் அடிப்பகுதி பதில் சொல்லிவிடும். ஆனால் சில பிரிசிஷன் மாடல்களில் ஜாஸ் அளவு நெக்கையே போடுகிறார்கள். எனவே பெயரை நம்பாமல் நட்டில் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள்.

ஓசைக்கு வருவோம். கடையில் தனியாக வாசிக்கும்போது ஜாஸ்தான் மனதைப் பறிக்கும். அதன் இரண்டு பிக்கப்புகளின் வால்யூமையும் முழுக்கத் திறந்தால் நடு ஸ்தாயி சற்று உள்வாங்கி, அடியும் மேலும் பளிச்சென்று கேட்கும். குழுவில் கீபோர்டுக்காரரின் இடது கையும் கிக் டிரம்மும் சேரும்போது அந்த உள்வாங்கிய நடுப்பகுதிதான் தொல்லை; வாசித்தது கூட்டத்தில் கரைந்துபோகும். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை மட்டும் முன்னுக்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு ஸ்வரமும் வெட்டுவெட்டாகத் தெளியும், ஆனால் கனம் குறையும். பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ், ஃப்ரெட் இல்லாத தம் ஜாஸ் பேஸில் அந்தப் பிக்கப்பை வைத்தே தனி ஓசையை உருவாக்கினார். பிரிசிஷனில் ஒரே பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன். தேர்வு குறைவு, ஆனால் அதன் தடித்த நடுப்பகுதி எந்தக் குழுவிலும் அடையாளம் தெரியும். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது பிரிசிஷனைத்தான்.

உங்கள் தேவைக்கு எங்கள் பரிந்துரை பிரிசிஷன். கை சிறியது என்றாலோ, தனி வாசிப்பிலும் ஸ்லாப்பிலும் (தந்தியைக் கட்டைவிரலால் அடித்து வாசிப்பது) ஆர்வம் என்றாலோ ஜாஸ்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரே விலையில் கிடைக்கும் கிட்டார்களில், மாடலைவிடக் கையில் இருக்கும் அந்த ஒரு பீஸின் நெக்தான் விதியை முடிவு செய்கிறது. முதலில் ட்யூனரில் சுருதி சேருங்கள். ஈ தந்தியை (இருப்பதிலேயே தடித்தது) முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். 7ஆவது, 8ஆவது ஃப்ரெட் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் இரும்புக் கம்பி) கால் சுற்று இறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். ராட் ஏற்கெனவே இறுகி முட்டி நின்றால் அந்தக் கிட்டார் வேண்டாம். பிறகு அழுத்தாமல், 17ஆவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரத்தை அளக்கவும்: ஈ பக்கம் 2.4 மி.மீ., ஜி (மெல்லிய தந்தி) பக்கம் 2 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. உயரம் மட்டும் தப்பு என்றால் பிரிட்ஜில் சரிசெய்யலாம். நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் வழியில்லை. தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் அது தெரியும்.

கேள்வி: என் ஜாஸ் பேஸில் ஒரு வால்யூமைக் குறைத்தாலே 'ம்ம்ம்' என்று இரைகிறது. பழுதா?
– வாசகர், திருச்சி

பதில்: பழுதில்லை. அதன் இரண்டு பிக்கப்பும் ஒற்றைச் சுருள் வகை. ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றியிருப்பதால் இரண்டும் சம அளவில் திறந்திருக்கும்போது இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் மற்றதன் இரைச்சல் வெளியே வரும். பிரிசிஷனின் பிளவுபட்ட பிக்கப்புக்குள்ளேயே இந்த ஏற்பாடு இருப்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே செம்புத் தகடு ஒட்டினால் போய்விடும் என்பார்கள். அது 'கிர்' என்ற மின் இரைச்சலைத்தான் குறைக்கும், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலை அல்ல. அதற்கு ஹம் (அந்த முனகல்) நீக்கும் வகைப் பிக்கப்பை மாற்ற வேண்டும். அதற்கு முன் ஃபேன் ரெகுலேட்டர், சார்ஜர், ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றிலிருந்து விலகி நின்று பாருங்கள். ஆம்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் எக்காரணத்துக்காகவும் வெட்டிவிடாதீர்கள். மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிக்கும், உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ஜி தந்தியில் 5, 6ஆவது ஃப்ரெட் ஒலி மட்டும் சீக்கிரம் அடங்கிவிடுகிறது. ஃப்ரெட் தேய்ந்துவிட்டதா?
– வாசகர், மதுரை

பதில்: தந்தி உரசும் சத்தம் கேட்டால் ஃப்ரெட். உரசல் இல்லாமல் ஒலி மட்டும் செத்தால் அது 'டெட் ஸ்பாட்'. நெக்கின் சொந்த அதிர்வு அந்த ஸ்வரத்தோடு பொருந்தி, தந்தியின் சக்தியை இழுத்துக்கொள்கிறது. இந்த வகை நீள நெக்குகளில் இது சகஜம். பிரிசிஷனுக்கும் ஜாஸுக்கும் பேதமில்லை. நெக்கின் தலையில் துணி சுற்றிச் சிறிய கிளாம்ப் ஒன்றை மாட்டி வாசியுங்கள். செத்த இடம் வேறு ஃப்ரெட்டுக்கு நகர்ந்தால் காரணம் இதுவே. நிரந்தரமாகச் சிறு எடை பொருத்தியோ, இலகுவான ட்யூனிங் சாவிகளை மாற்றியோ அதை நீங்கள் குறைவாகத் தொடும் ஸ்வரத்துக்குத் தள்ளலாம். முழுக்க நீக்க முடியாது. புதிதாக வாங்குபவர்கள் கடையிலேயே ஜி தந்தியின் 4 முதல் 8 வரை ஒவ்வொரு ஃப்ரெட்டாக நீட்டி வாசித்துக் கேட்டுவிடுவது நல்லது.