பெட்டை எட்டு, சேவல் ஒன்று: மரபுக் கோழி இனத்தைக் காக்க இது போதுமா?

கேள்வி: அருகிவரும் ஒரு பழைய கோழி இனத்தைக் காப்பாற்ற நினைத்து, ஒரே வீட்டிலிருந்து 1 சேவலும் 8 பெட்டையும் வாங்கி, மூன்று தலைமுறையாகப் பெருக்கி வருகிறேன். தொடக்கத்தில் 10 முட்டைக்கு 8 குஞ்சு பொரித்தது. இப்போது 4, 5 வந்தாலே பெரிது. புது ரத்தம் சேர்க்கச் சொல்கிறார்கள். முட்டையாக வாங்குவதா, கோழியாக வாங்குவதா? வேறு இனச் சேவலை விடலாமா?

பதில்: புது ரத்தம் தேடும் முன், பொரியாத முட்டைகளைப் பாருங்கள். பொரிப்பு குறைந்ததுமே உறவுச் சேர்க்கைமேல் (நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இணைவது) பழி போடுவது வழக்கமாகிவிட்டது. பல பண்ணைகளில் கிழட்டுச் சேவலோ, பத்துப் பன்னிரண்டு நாள் சேர்த்துவைத்த முட்டையோதான் காரணம்.

அடைவைத்த 7ஆம் நாள் இருட்டில் டார்ச்மேல் முட்டையை நிறுத்துங்கள். சிலந்திக் கால் போல நரம்பு பரவியிருந்தால் கரு உயிரோடு இருக்கிறது. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு கூடி, முதல் சில நாளிலேயே செத்துவிட்டது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கூமுட்டை. இதை உறுதிசெய்ய, அன்றிட்ட முட்டை இரண்டைத் தட்டில் உடைத்து மஞ்சள் கருவின் மேலுள்ள வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். புள்ளியைச் சுற்றி வட்டம் இருந்தால் கருமுட்டை. வட்டமில்லாமல் சிறிய, அடர்ந்த வெள்ளைப் பொட்டாக இருந்தால் சேவல் சேரவில்லை. கூமுட்டை அதிகமென்றால் சேவலை மாற்றுங்கள். 18ஆம் நாளுக்குப் பிறகு ஓட்டுக்குள்ளேயே சாவு அதிகமென்றால் முதலில் சூட்டையும் ஈரப்பதத்தையும் பாருங்கள். முட்டை 7 நாளுக்குள் வைத்தது, சேவல் இளசு, சூடும் சரி, ஆனாலும் ஈட்டுக்கு ஈடு வளையமும் இடைச்சாவும் நோஞ்சான் குஞ்சுமாக வருகிறதென்றால், அப்போது உறவுச் சேர்க்கையைச் சந்தேகிக்கலாம்.

உங்கள் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடமுண்டு. சேவல், பெட்டை எண்ணிக்கைகளைப் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் மந்தையின் பயனுறு எண்ணிக்கை, அதாவது மரபுக் கணக்கில் அது எத்தனை கோழிக்குச் சமம் என்பது, கிடைக்கும். உங்களுக்கு 32-ஐ 9-ஆல் வகுத்தால் சுமார் 3.6. கூட்டில் ஒன்பது கோழி நின்றாலும் மரபுக் கணக்கில் நாலுகூட இல்லை. இதில் தலைமுறைக்கு 14 சதவீதம் அளவுக்கு உறவு நெருக்கம் ஏறும். பாதுகாப்பு வளர்ப்பில் 1 சதவீதத்துக்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். அதற்குப் பயனுறு எண்ணிக்கை 50 வேண்டும். ஒரே சேவலை வைத்துக்கொண்டு நூறு பெட்டை வளர்த்தாலும் இந்த எண் 4-ஐத் தாண்டாது. ஆகவே தீவனச் செலவைப் பெட்டையில் போடாமல் சேவலில் போடுங்கள். 5 சேவல், 15 பெட்டை என்றாலே எண் 15 ஆகிவிடும். ஒவ்வொரு சேவலுக்கும் அதன் மகன் ஒன்று, ஒவ்வொரு பெட்டைக்கும் அதன் மகள் ஒன்று என்று வாரிசு நிறுத்தினால், அதே இருபது கோழி 24-க்குச் சமமாகும். அழகான ஒரே சேவலின் குஞ்சுகளையே நிறுத்துகிறவர்கள் இந்த லாபத்தை இழக்கிறார்கள்.

வாங்கும்போது ஒரே இடத்தில் 24 முட்டை எடுப்பதைவிட, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு வீடுகளில் ஆறாறு முட்டை எடுப்பது மேல். ஒரே சேவலுள்ள கூட்டில் எடுக்கும் முட்டையெல்லாம் அண்ணன் தங்கைதான். விற்பவரிடம் கேளுங்கள்: எத்தனை சேவல் ஓடுகிறது? வெளிச்சேவல் கடைசியாக எப்போது வந்தது? வேறு இனம் கூடவே மேய்கிறதா? தாய் மந்தையைக் கண்ணால் பார்க்காமல் படத்தை நம்பி வாங்க வேண்டாம்.

முட்டையில் நோய் வரும் வழி குறைவு. ஆனால் புல்லோரம் என்ற கழிச்சல் நோயும், சளி நோய் தரும் மைக்கோபிளாஸ்மா கிருமியும் முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகும். ஆகவே ரத்தப் பரிசோதனை செய்த மந்தையாகப் பாருங்கள். பயணம் செய்து வந்த முட்டையைக் கூர்முனை கீழாக வைத்து, 12 முதல் 24 மணி நேரம் ஓய்வு கொடுத்து அடைவையுங்கள். கோழியாக வாங்கினால் 30 நாள் தனிக்கூடு, தனிச் செருப்பு, தனித் தண்ணீர்ப் பாத்திரம். முதலில் உங்கள் கோழிகளைக் கவனித்துவிட்டுப் பிறகு அங்கே போங்கள். பார்வைக்குத் தேறிய கோழிகூடச் சளிக் கிருமியைச் சுமந்திருக்கலாம். கடைசி இரண்டு வாரம் உங்கள் கோழி ஒன்றை அதனோடு விட்டுப் பார்த்தால் தெரிய வாய்ப்புண்டு.

வேறு இனச் சேவல் இப்போது வேண்டாம். உங்கள் இனத்தில் உறவில்லாத சேவல் எங்குமே இல்லை என்ற நிலை வந்தால்தான் அது. அப்போதும் தனிக்கூட்டில் ஒரே ஒரு முறை கலந்து, திரும்பத் திரும்ப உங்கள் இனத்துக்கே சேர்த்தால், அயல் ரத்தம் பாதி, கால், அரைக்கால், வீசம் என்று இறங்கும். கலப்பில்லாத மந்தையில் கை வைக்கவே கூடாது.

புதுக்கோழி வந்ததும் மூன்று கூடாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சேவலும் ஐந்தாறு பெட்டையும் இருக்கட்டும். ஒரே கூட்டில் இரண்டு சேவல் விட்டால் அடக்கி ஆள்கிறதுதான் பெரும்பாலும் சேரும்; மாற்றுச் சேவலைத் தனியே வையுங்கள். பெட்டைக் குஞ்சு தாயின் கூட்டிலேயே நிற்கட்டும். சேவல் குஞ்சு மட்டும் முதல் கூட்டிலிருந்து இரண்டாவதுக்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கும், மூன்றாவதிலிருந்து முதலாவதுக்கும் போகட்டும். சேவல் மாற்றிய பிறகு மூன்று வாரம் வரை இட்ட முட்டையை அடைவைக்காதீர்கள். பழைய சேவலின் விந்து பெட்டைக்குள் அவ்வளவு நாள் உயிரோடு இருக்கக்கூடும்.

இதெல்லாம் அடையாளம் இல்லாமல் நடக்காது. 18ஆம் நாள் முட்டையைத் திருப்புவதை நிறுத்தும்போதே, கூடு வாரியாக வலைப்பெட்டிகளில் பிரித்துவிடுங்கள். பொரித்த பிறகு எந்தக் குஞ்சு யாருடையது என்று சொல்ல முடியாது. முதல் நாளே விரலிடைச் சவ்வில் துளையிடலாம்: காலுக்கு இரண்டு சவ்வு, இரு காலுக்கும் நான்கு, மொத்தம் 16 விதக் குறி. துளைத்த தோல்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் துளை மூடிவிடும். அதை எடுத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

கழிப்பதில் அவசரம் வேண்டாம். வளைந்த விரல், கோணல் அலகு, கூன் முதுகு, சாய்ந்த வால் உள்ளவற்றைத் தயங்காமல் ஒதுக்குங்கள். நிறத்தில் சிறு குறை உள்ளதை, அந்தக் கூட்டின் வம்சத்தில் மாற்று இல்லாவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள். இறுதித் தேர்வை 20 வாரத்துக்கு முன் செய்யாதீர்கள். இரண்டு மூன்று வயதுப் பெட்டை இன்னும் முட்டையிட்டுக் குஞ்சும் வளர்க்கிறதென்றால் அதன் முட்டைக்குத்தான் முதலிடம். எல்லா முட்டையையும் இன்குபேட்டரிலேயே வைத்தால், எது அடைபடுத்துக் குஞ்சு வளர்க்கும் என்று தெரியாமலே வாரிசு நிறுத்துவீர்கள். ஒரு பங்கையாவது அடைக்கோழிக்குக் கீழே வையுங்கள்.

ஒவ்வொரு கூட்டிலிருந்தும் ஒரு சேவல், இரண்டு பெட்டையை நம்பிக்கையான வேறொருவரிடம் கொடுத்துவையுங்கள். வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வந்தால் ஒரே வாரத்தில் மந்தை காலியாகிவிடும். அப்போது நீங்கள் திரும்பக் கேட்கப்போவது அந்த மூன்று கூட்டு வம்சங்களைத்தான்.