கொடிக்கம்பை எடுப்பதா, விடுவதா?

நால்வர் ஆடும் கோல்ஃப் ஆட்டத்தில் நீங்கள் மட்டும் குழியில் நிற்கும் கொடிக்கம்பை எடுக்கச் சொல்கிறீர்கள், மற்ற மூவரும் அதை விட்டே பட் செய்கிறார்கள் (பந்தைக் குழியை நோக்கி உருட்டி அடிக்கிறார்கள்), எடுத்துச் செருகியே நேரம் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். கூச்சப்படாதீர்கள் நண்பரே, உங்கள் அடிக்கு முடிவு உங்களுடையது. அடிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

2019 ஜனவரி முதல், கிரீனிலிருந்து, அதாவது குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையிலிருந்து, அடித்த பந்து குழியில் நிற்கும் கம்பில் பட்டால் தண்டனை இல்லை. முன்பு தண்டனையாக இரண்டு அடிகள் கணக்கில் கூடும்; பலர் எடுத்தே பழகியது அதனால்தான்.

நேரம் மிச்சமாக, குழிக்குத் தொலைவில் இருப்பவர் முதலில் என்ற தூர வரிசை பார்க்காமல் கம்போடு அடிக்கும் மூவரையும் முதலில் முடிக்கச் சொல்லுங்கள். மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளே முறையில் அதற்குத் தடையில்லை. பிறகு ஒரே தடவை எடுத்து, கிரீனுக்கு வெளியே மெதுவாகப் படுக்க வையுங்கள். வீசினால் புல்தரையில் தழும்பு விழும்.

இன்னொன்று: குழியின் அகலம் 108 மி.மீ., பந்து சுமார் 43. கம்பு உங்கள் பக்கம் சாய்ந்திருந்தால் பந்து இறங்க இடம் போதாது. அடிக்கும் முன் நிமிர்த்தி நடுவில் நிறுத்தலாம். வேண்டுமென்றே சாய்த்து வைக்கக் கூடாது. கம்பில் சாய்ந்து நிற்கும் பந்தின் ஒரு பகுதியாவது தரைமட்டத்துக்குக் கீழே இருந்தால் அது குழியில் விழுந்ததாகவே கணக்கு. அதைக் கையால் எடுங்கள். கம்போடு சேர்த்து உருவினால் குழியின் விளிம்பு பிய்ந்துவிடும்; பின்னால் வருகிறவர்களின் பட் அங்கேதான் விலகும்.