5,000 மீட்டருக்கு மேலுள்ள திபெத்திய மேய்ச்சல் ஊர்களில் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்?

"மூச்சுவிடவே சிரமமான இடத்தில் ஏன் குடியிருக்கிறார்கள்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த மக்களின் வாழ்வைத் தீர்மானிப்பது காற்றைவிடப் புல்தான் என்பது என் கருத்து.

தெற்குத் திபெத்தில், பூட்டான் எல்லைக்கு அருகே, நகார்ட்சே மாவட்டத்தில் பூமா சாங்தாங் என்றோர் ஊராட்சி இருக்கிறது. உயரம் 5,373 மீட்டர். நம் தொட்டபெட்டாவின் மேல் இன்னொரு தொட்டபெட்டாவைத் தூக்கி வைத்தாலும் அந்த உயரம் வராது. கடல்மட்டக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழப் பாதிதான் அங்கே கிடைக்கும். தண்ணீர் 82 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பை வைத்தால் நாள் முழுதும் கொதிக்குமே தவிர வேகாது. வறுத்த பார்லி மாவு அந்த மக்களின் அன்றாட உணவாக இருப்பதில் வியப்பில்லை. ஏற்கெனவே வறுத்ததால் மாவை மறுபடி வேகவைக்க வேண்டியதில்லை. வெண்ணெய்த் தேநீரை ஊற்றிக் கையால் பிசைந்தால் சாப்பாடு தயார்.

அவர்களின் உடலும் அந்த உயரத்துக்குப் பழகியது. நம்மைப் போன்றவர்கள் மேலே போனால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறிக்கொண்டே போகும், ரத்தம் கெட்டிப்படும். திபெத்தியர்களுக்கு அது அவ்வளவாக ஏறுவதில்லை. இதற்குக் காரணமான மரபணு வேறுபாட்டை 2010-இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அது டெனிசோவன் என்ற பழங்கால மனித இனத்திடமிருந்து வந்தது என்று 2014-இல் தெரிந்தது.

இனி புல். மெல்வின் கோல்ட்ஸ்டீன், சிந்தியா பீல் என்ற இரு மானிடவியலாளர்கள் 1986-க்கும் 1988-க்கும் இடையில் மேற்குத் திபெத்தின் பாலா என்ற பகுதியில் மேய்ப்பர்களோடு தங்கி ஆராய்ந்தார்கள். அங்கே முகாம்கள் 4,850 மீட்டருக்கு மேலேதான். நாடோடிகள் என்றாலே பசும்புல்லைத் தேடி ஊர் ஊராக அலைபவர்கள் என்று நாம் நினைக்கிறோம். அங்கே அப்படியில்லை. எவ்வளவு தூரம் போனாலும் எல்லா இடத்திலும் ஒரே குளிர், ஒரே பருவம். மே மாதவாக்கில் முளைக்கும் புல் செப்டம்பர் நடுவில் வளர்ச்சியை நிறுத்திவிடும். மீதி மாதங்கள் முழுக்கக் காய்ந்த புல்லைத்தான் மந்தை மேய வேண்டும். ஆகவே இடம்பெயர்வது பச்சையைத் தேடி அல்ல, இருப்பதை மிச்சம் பிடிப்பதற்காக. இலையுதிர் காலத்தில் வேறு மேய்ச்சலுக்குப் போய்விட்டு, வீட்டருகே உள்ள புல்லைக் குளிர்காலத்துக்காகத் தொடாமல் வைத்திருப்பார்கள். இந்தக் கணக்கு எனக்குப் பெரும் மதிப்பை உண்டாக்கியது.

பூமா சாங்தாங்கில் இதே கணக்கு ஓர் ஏரியின் மேல் நடக்கிறது. பூமா யும்ட்சோ ஏரிக்குள் தீவுகள் உண்டு. வருடத்தில் பெரும்பகுதி ஆடுகள் போகமுடியாததால் அங்கே புல் அப்படியே நிற்கும். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும், கரையோரக் கிராமத்தார் பனிக்கட்டியின் மேல் மண்ணைத் தூவிப் பாதை போடுவார்கள். வழுக்காமல் இருக்கத்தான். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு செம்மறிகள் வரிசையாகத் தீவுக்கு நடக்கும். பனி இளகுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

கோடையில்தான் வேலை கழுத்தை நெரிக்கும். பால் கறக்கும்போது ஆடுகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்தி, கழுத்தோடு கழுத்தாக ஒரே நீளக் கயிற்றில் பின்னிவிடுவார்கள். பெண்கள் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கறந்துகொண்டே போவார்கள். முடிந்ததும் ஓர் இழுப்பு, மொத்த முடிச்சும் அவிழ்ந்துவிடும். கடைந்த வெண்ணெயைச் சுத்தம் செய்த ஆட்டு வயிற்றில் திணித்துத் தைத்து வைப்பார்கள். இறைச்சிக்கான ஆடுகளைக் குளிர் தொடங்கும்போது அறுப்பார்கள்: உடலில் கொழுப்பு நிறைந்திருக்கும் பருவம் அது, இறைச்சியும் தானே உறைந்து கெடாமல் இருக்கும். முன்பெல்லாம் வடக்கே உப்பு ஏரிகளிலிருந்து ஆடுகளின் முதுகிலேயே உப்பு மூட்டை ஏற்றிக் கொண்டுவந்து, தெற்கே விவசாயிகளிடம் பார்லிக்கு மாற்றினார்கள். அந்த வேலையை இன்று லாரி செய்கிறது.

மரம் கிடையாது, எரிபொருள் சாணம்தான். நேபாளம் வழியாக மானசரோவர் போனபோது, வழியில் பர்யாங் என்ற திபெத்திய ஊர் அருகே ஒரு வீட்டில் மாலைநேரத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே காய்ந்த யாக் எருமைச் சாணம் ஆளுயரச் சுவராக அடுக்கியிருந்தது. அந்த வீட்டு அம்மா வெறுங்கையால் இரண்டிரண்டாக எடுத்து இரும்பு அடுப்பில் போட்டுக்கொண்டே, அதே கையால் எங்களுக்குத் தேநீர் ஊற்றினார். நன்றாகக் காய்ந்த சாணத்தில் வாடையே இல்லை, புல் எரிகிற மணம்தான்.

துன்பமும் பெரிது. 1997-98 குளிர்காலத்தில் வடக்குத் திபெத்தின் நாக்சு பகுதியில் பனி புல்லை மூடிவிட, லட்சக்கணக்கான கால்நடைகள் பட்டினியால் செத்தன. மூட்டுவலியும் இதயநோயும் அங்கே சாதாரணம், மருத்துவமனையோ வெகு தொலைவு. இதைச் சொல்லித்தான் சீன அரசு மிக உயரமான ஊர்களை ஒட்டுமொத்தமாகக் கீழே இறக்கிவருகிறது. 2018-இல் அதே வடக்குப் பகுதியின் ரொங்மா ஊராட்சியிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் லாசா அருகே குடியேற்றப்பட்டார்கள். 2019 கடைசியில் ஷுவாங்ஹு மாவட்டத்திலிருந்து இன்னும் பெரிய கூட்டம் யார்லுங் சாங்போ (நம் பிரம்மபுத்திராவின் மேற்பகுதி) ஆற்றங்கரைக்கு வந்தது. குழந்தைகளுக்குப் பள்ளியும் முதியோருக்கு மருத்துவமும் கிடைப்பதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் எந்தப் புல்லை எந்த மாதத்துக்கு விட்டுவைப்பது என்று தெரிந்தவர்களுக்குக் கீழே செய்ய என்ன வேலை இருக்கிறது? அவர்களின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமாகப் பெறப்பட்டது என்ற கேள்வியை மனித உரிமை அமைப்புகள் எழுப்புகின்றன. அந்தக் கேள்வி நியாயமானது.

நேரில் பார்க்க விரும்பினால், திபெத்துக்குத் தனி அனுமதி வேண்டும், எல்லைப் பகுதிகளுக்குக் கூடுதல் கெடுபிடி. நமக்கு எளிய வழி லடாக். ட்சோ மொரிரி ஏரிக்கரையில் உள்ள கோர்சோக், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், பாலாவும் ஷுவாங்ஹுவும் இருக்கிற சாங்தாங் மேட்டுநிலத்தின் மேற்கு முனை. அங்கே சாங்பா மேய்ப்பர்கள் பஷ்மினா ஆடுகளை வளர்க்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை போகலாம். லே நகரில் சில நாள் தங்கி உடலைப் பழக்காமல் மேலே ஏறாதீர்கள்.