40 லிட்டரில் ஒரு கடல்: வாசகர் கேள்வி – பதில்

சிறிய உப்புநீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பது பற்றி வந்த கேள்விகளில், செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்தவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். அங்கே வெயில், போர் தண்ணீர், கட்டுக்கட்டாய் நீளும் வீடு மூன்றும் சேர்ந்து தனிக் கணக்குப் போட வைக்கின்றன.

இதுவரை தங்கமீன்தான் வளர்த்திருக்கிறேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு தொட்டி சும்மா கிடக்கிறது. அதிலேயே பவளம் வைக்கலாமா? வேறென்ன வாங்க வேண்டும்?
– காரைக்குடி வாசகர்

வைக்கலாம். ஆனால் அந்தத் தொட்டியில் எப்போதாவது மீனுக்குச் செம்பு கலந்த மருந்து ஊற்றியிருந்தால் வேண்டாம். தொட்டியில் மிஞ்சி நிற்கும் செம்பு பிற்பாடு மெல்லக் கசியலாம். மீன் தாங்கும் அளவு செம்பை நத்தையும் பவளமும் தாங்காது.

60 × 30 × 30 செ.மீ. தொட்டிக்குக் கணக்கு 54 லிட்டர். மேலே 3 செ.மீ. விட்டு, கல்லும் மணலும் போட்டபின் தண்ணீர் 40 லிட்டர் சொச்சம்தான் நிற்கும். முதல்முறை நிரப்பும்போது வாளியால் அளந்து, அந்த எண்ணைத் தொட்டியின் பின்பக்கம் எழுதி ஒட்டுங்கள். பிற்பாடு போடும் உப்பு, மருந்து எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

வடிகட்டிக்கு, பின்புறம் தொங்கவிடும் வகை ஒன்று போதும். மணிக்கு 800 முதல் 1000 லிட்டர் வரை தள்ளும் வேவ்மேக்கர் (நீருக்குள் ஓட்டம் உண்டாக்கும் சிறு மோட்டார்) ஒன்று, 20–30 வாட்டில் நீலம் கலந்த கடல் எல்.இ.டி. விளக்கு ஒன்று, தெர்மாமீட்டர், அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் சோதனைக் குப்பிகள், உப்பளவு பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர். கடைசியாகச் சொன்னதில் கஞ்சத்தனம் வேண்டாம். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு பொய்யாகிவிடும். ரிஃப்ராக்டோமீட்டரையும் வெறும் தண்ணீரில் பூஜ்யம் பார்த்தால் போதாது. 35 (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு, கடலின் அளவு) என்று குறித்த சரிபார்ப்புக் கரைசலில் பார்த்துத் திருகுங்கள். கழிவை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் இந்த அளவுத் தொட்டிக்குத் தேவையில்லை, கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும்.

கடல் நீரிலிருந்துதானே உப்பு எடுக்கிறார்கள்? தூத்துக்குடிக் கல் உப்பைக் கரைத்தால் மறுபடி கடல் நீர் ஆகிவிடாதா? மீன் கடை உப்பு கிலோ விலை மலைக்க வைக்கிறது.
– கானாடுகாத்தான் வாசகர்

கேள்வி நியாயமானது. பதில் உப்பளத்திலேயே இருக்கிறது. கடல் நீர் பாத்தியில் சுண்டும்போது எல்லாமே ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பும், பிறகு ஜிப்சமும் அடியில் இறங்கிவிடும். அதன்பின் வேறு பாத்திக்கு நீரை மாற்றித்தான் சமையல் உப்பை விளைய விடுகிறார்கள். அது விளைந்து முடிந்ததும் மிஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியமும் பொட்டாசியமும் தங்கிவிடுகின்றன. அதை வடித்து வெளியே விட்டுவிடுவார்கள். ஆக, உங்கள் கைக்கு வரும் கல் உப்பு முன்னும் பின்னும் வெட்டிய நடுத்துண்டு. பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. பவளத்துக்கு வேண்டிய கால்சியம் லிட்டருக்கு 400–450 மில்லிகிராம், மெக்னீசியம் 1250–1350, காரத்தன்மை 8–9 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு). இவை மூன்றும் அதில் கிடையாது. உப்பளவு மட்டும் சரியாகக் காட்டும், அதனாலேயே ஏமாந்துவிடுவோம்.

பவளத் தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பில் லிட்டருக்கு 38 கிராம் என்று தொடங்குங்கள். 40 லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ. முதலில் தண்ணீர், பிறகு உப்பு. மாற்றி, உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கரைசல் அடியில் மிகவும் செறிந்து, கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்து நீர் மோர் மாதிரி வெளுக்கும். பிறகு அது கரையாது, கொட்டத்தான் வேண்டும். பிளாஸ்டிக் டிரம்மில் மோட்டாரை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, ஒரு நாள் சுழலவிட்டு அளவு பாருங்கள். 35, அதாவது ஒப்படர்த்தி 1.026 வர வேண்டும். கூடினால் நல்ல தண்ணீர், குறைந்தால் ஒரு பிடி உப்பு.

தேவகோட்டையிலிருந்து தொண்டி பக்கம்தான். கேனில் கடல் நீரே கொண்டு வந்தால்?
– தேவகோட்டை வாசகி

பாக் விரிகுடாவின் கரையோரம் ஆழமில்லாதது, சேறு கலங்கியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளவு இறங்கும். படகுகளின் டீசலும் சேரும். ஆழ்கடலில் எடுத்த நீர் கிடைத்தால் அது வேறு விஷயம். கரையில் மொண்ட நீர் வேண்டாம்.

ராமேஸ்வரம் போனபோது வாங்கிய பவளக்கல் ஐந்தாறு வீட்டில் இருக்கின்றன. காய்ந்துபோனவைதான். தொட்டியில் அடுக்கலாமா?
– கோனாபட்டு வாசகர்

வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் 2001 முதல் கல்பவளங்கள் எல்லாமே இருக்கின்றன, கடல்விசிறிகளும்தான். செத்துக் காய்ந்தது என்பது விலக்கு ஆகாது. 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுப் பகுதியிலிருந்து கல், சிப்பி, மணல் எதையும் எடுக்கக் கூடாது. மீன் கடையில் பீங்கானிலும் சிமெண்டிலும் செய்த துளைக்கற்கள் கிடைக்கின்றன. 5 கிலோ போதும். சிமெண்ட் கல் என்றால் நான்கு முதல் எட்டு வாரம் வரை தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். புது சிமெண்ட் பி.எச்.சைத் தூக்கிவிடும். ஆற்று மணலும் எம்-சாண்டும் வேண்டாம். அரகோனைட் மணல் (சுண்ணாம்பு வகை மணல்) 2 செ.மீ. போடலாம், ஒன்றும் போடாமல் வெறுந்தரையாகவும் விடலாம். முதல் தொட்டிக்கு வெறுந்தரையே சுத்தம் செய்யச் சுலபம்.

வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) விழும் மழைநீரை அப்பத்தா காலத்துச் செப்பு அண்டாவில் பிடித்து வைத்திருக்கிறோம். டி.டி.எஸ். மீட்டரில் 15தான் காட்டுகிறது. சமையலறை ஆர்.ஓ. நீரில் 70. எதை ஊற்றுவது?
– ஆத்தங்குடி வாசகி

இரண்டும் வேண்டாம். மழைநீர் குடிக்க அருமையான தண்ணீர், ஆனால் அண்டாவின் செம்பு அதில் இறங்கியிருக்கும். பித்தளைக்கும் அதே கதைதான். மீட்டர் நீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைச் சொல்லுமே தவிர, 15-ல் செம்பு எவ்வளவு, ஓட்டுத்தூசி எவ்வளவு என்று சொல்லாது.

ஆர்.ஓ. நீரின் 70-க்குப் பெரும்பாலும் காரணம், சுவைக்காக வைத்திருக்கும் டி.டி.எஸ். கூட்டும் திருகாணியும் மினரல் குப்பியும். இயந்திரம் சுத்தம் செய்த நீரில் மறுபடி கொஞ்சம் பழைய நீரைக் கலக்கும் வேலை அது. மெக்கானிக்கிடம் சொல்லி, மெம்பிரேனிலிருந்து நேராக ஒரு குழாய் எடுத்து, அதில் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்றைச் சேருங்கள். வெளியே வரும் நீர் 0 காட்ட வேண்டும். 2, 3 என்று ஏறத் தொடங்கினால் ரெசின் தீர்ந்தது. 20 லிட்டர் கேன் நீரையும் இதே குப்பி வழியே விட்டு எடுக்கலாம். மாதம் 50 லிட்டருக்குள்தான் தேவைப்படும்.

லிட்டருக்கு 38 கிராம் உப்பு போடும் நீரில் 70 மில்லிகிராம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். அளவு அற்பம்தான். அதில் வரும் பாஸ்பேட், சிலிக்கா, நைட்ரேட் ஆகியவை பாசிக்கு உரம். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, இவை தொட்டியிலேயே தங்கிக் கூடிக்கொண்டே போகும்.

சித்திரை, வைகாசியில் இங்கே 39, 40 டிகிரி. சில்லர் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்காமல் தப்பிக்க வழி உண்டா? வீட்டில் எந்த இடத்தில் வைக்கலாம்?
– பள்ளத்தூர் வாசகர்

தொட்டி நீர் 25–27 டிகிரியில் நிற்க வேண்டும். 30-ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பவளம் தன் உடம்புக்குள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவிலேயே இது நடந்தது.

உங்கள் பழைய வீட்டின் கனத்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் இங்கே பெரிய சொத்து. வளவின் ஓரம் வெளிச்சமாக அழகாக இருக்கும், அங்கே வைக்காதீர்கள். நேர் வெயில் ஒரு மணி நேரம் பட்டாலே சூடும் பாசியும் ஏறும். இரண்டாங்கட்டில், வெயில் படாத உள்ளறை நல்லது. நிரம்பிய தொட்டி 75 கிலோவுக்கு வரும், ஆடாத மேசை வேண்டும். ஆத்தங்குடித் தரை என்றால் மேசைக்கடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். சிமெண்ட் கல் உப்புநீரை உறிஞ்சி வெள்ளை பூத்துவிடும்.

குளிர்விக்க, மண்பானைத் தத்துவமே போதும். தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் வரும் 12 வோல்ட் சிறு விசிறி இரண்டை நீர்மட்டத்தில் சாய்வாக வீச விடுங்கள். 2 முதல் 4 டிகிரி இறங்கும். புழுக்கமான நாளில் பலன் குறையும். அறையே 34-ல் நின்றால் விசிறியால் முடியாது, ஏ.சி.யோ சில்லரோதான். ஐஸ் கட்டியை நீருக்குள் போடாதீர்கள். டி.ஐ. நீரை உறையவைத்த மூடிய பாட்டிலை மிதக்கவிடலாம்.

விசிறிக்கு ஒரு விலை உண்டு. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வரை ஆவியாகும், உப்போ அப்படியே நிற்கும். 40 லிட்டரில் ஒரு லிட்டர் போனால் 35 என்பது 35.9 ஆகும், மூன்று நாள் கவனிக்காவிட்டால் 37.8. நீங்கள் நினைவு வந்து மூன்று லிட்டரை ஒரேயடியாக ஊற்றினால் சடாரென்று 35-க்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் சிறு தொட்டியில் நத்தையையும் பவளத்தையும் கொல்வது. பலர் ஊகிப்பதுபோல் நோய் அல்ல. கண்ணாடியில் ஒரு கோடு போட்டு, காலையும் மாலையும் அந்தக் கோடு வரை நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், தொடக்கக்காரர் பாதிப்பேர் செய்யும் தவறு அது. மிதவை வைத்த தானியங்கி நிரப்பி கிடைத்தால் விளக்குக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

எல்லாம் போட்டு மூன்றாம் நாள் இரண்டு கோமாளி மீன் விட்டேன். ஒரு வாரத்தில் இரண்டும் போய்விட்டன. நீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது.
– காரைக்குடி வாசகி

தெளிவு ஒன்றையும் காட்டாது. அமோனியாவுக்கு நிறமில்லை. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொன்று அதை நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். இவை கல்லில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மூன்றாம் நாளில் யாரும் குடிவந்திருக்க மாட்டார்கள்.

அந்த வாரங்களில் மீனுக்குப் பதில் அமோனியம் குளோரைடு போடுங்கள். பித்தளைக்கு ஈயம் பூசுபவர் துணியில் தொட்டுத் தேய்க்கும் நவச்சாரம் அதேதான். அவரிடம் வாங்கிவிடாதீர்கள், செம்பும் ஈயமும் ஒட்டியிருக்கும். ஆய்வகத் தரம் என்று போட்ட டப்பா வாங்குங்கள். 40 லிட்டருக்கு அமோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வர கால் கிராம். வீட்டுத் தராசில் கால் கிராம் நிறுக்க முடியாதாகையால், 5 கிராமைக் கரைத்து 100 மில்லி ஆக்கி, அதில் 5 மில்லி ஊற்றுங்கள். விளக்கு வேண்டாம், நீரோட்டம் வேண்டும். அமோனியா பூஜ்யத்துக்கு வந்ததும் மறுபடி 5 மில்லி. ஊற்றிய 24 மணி நேரத்தில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்டும் நாள் வரை தொடருங்கள். அன்று பாதி நீரை மாற்றி, முதலில் மூன்று நத்தை. இரண்டு வாரம் கழித்து ஒரு மீன், ஒன்றே ஒன்று. பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் நல்லது, அது முதல் நாளிலிருந்தே தீவனத்துக்குப் பழகியிருக்கும். நீலத் தாங் மீனுக்கு இந்தத் தொட்டி சிறைதான்.

இரண்டாம் மாதம் கல், கண்ணாடி எல்லாம் காப்பிப்பொடி தூவியது மாதிரி பழுப்பு.
– புதுவயல் வாசகர்

டயாட்டம், சிலிக்காவில் ஓடு கட்டும் ஒரு பாசி. சிலிக்கா தீர்ந்ததும் இரண்டு மூன்று வாரத்தில் தானே போகும். ரெசினைச் சரிபாருங்கள், மருந்து ஊற்றாதீர்கள். சிவப்பாக, ஏடு ஏடாக உரிந்து வந்தால் அது வேறு, சயனோபாக்டீரியா. குழாயால் உறிஞ்சி எடுத்து, நீரோட்டத்தை அந்த இடத்துக்குத் திருப்பி, தீவனத்தைக் குறையுங்கள். வாரம் 4 லிட்டர் நீர் மாற்றுவதைத் தவறவிடாதீர்கள். நைட்ரேட் 5–10 பி.பி.எம். இருக்கலாம். அதைப் பூஜ்யமாக்கத் துடிப்பவர்களுக்குத்தான் இன்னும் மோசமான பாசி வரும்.

எந்தப் பவளத்தில் தொடங்கலாம்? வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள்.
– தேவகோட்டை வாசகர்

காளான் பவளம். வெளிச்சம் குறைந்தாலும் ஓட்டம் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். வாரந்தோறும் மாற்றும் நீரிலுள்ள கால்சியமே அதற்குப் போதும், தனியாக எதுவும் ஊற்ற வேண்டாம். தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டாகப் பில்லோடு வாங்குங்கள். விளக்கை நாளுக்கு 4 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 8-க்குக் கொண்டுபோங்கள்.

கடைகளில் வண்ண வண்ணமாய்க் கிடக்கும் ஜோவாந்தஸ் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். அந்தக் குடும்பத்துச் சில இனங்களில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு உண்டு. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொட வேண்டாம். அந்தக் கல்லைக் கொதிக்கும் நீரில் போடவே கூடாது. ஆவியில் கிளம்பும் நஞ்சை மூச்சில் இழுத்தால் வீட்டோடு மருத்துவமனைக்குப் போக வேண்டிவரும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு எடுத்த கரண்ட் மாலை 5 மணிக்குத்தான் வருகிறது.
– புதுவயல் வாசகி

விளக்கு அணையட்டும், கவலையில்லை. வேவ்மேக்கர் நிற்கக் கூடாது. உப்புநீரில் கரையும் ஆக்சிஜன் நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, சூடேறினால் இன்னும் குறையும். வேவ்மேக்கர் 5–10 வாட்தான், வீட்டு இன்வெர்ட்டரில் அதையும் விசிறியையும் மட்டும் இணைத்தால் நாள் முழுக்க ஓடும். இன்வெர்ட்டர் இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று. அன்று தீவனம் போடாதீர்கள். வடிகட்டி மணிக்கணக்கில் நின்றிருந்தால், உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிப் பஞ்சை உப்புநீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள்.

நாங்கள் இருப்பது சென்னையில். ஊர் வீடு பூட்டியே இருக்கும். மாதம் ஒருமுறை வருவோம், பிள்ளையார் நோன்பு, கல்யாணம் என்றால் பத்து நாள் தங்குவோம். முகப்பில் ஒரு சிறு பவளத் தொட்டி வைத்தால் பார்க்க நன்றாக இருக்குமே?
– கண்டனூர் வாசகர்

வேண்டாம். தானியங்கி நிரப்பியோடு 10 லிட்டர் டிரம் வைத்தால் ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். அதற்குமேல் தினம் ஒருமுறை எட்டிப் பார்க்க ஆள் வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவியோடு இந்தப் பொறுப்பையும் கொடுப்பது அவருக்கும் நியாயமில்லை, மீனுக்கும் நியாயமில்லை. தொட்டியைச் சென்னை வீட்டில் வையுங்கள்.