ஆறு ஸ்பீக்கர்களில் இரண்டு மட்டும் ஏன் பேசுகின்றன?

கேள்வி: என் கணினி படிப்பறையில் இருக்கிறது. டிவியும் 5.1 ஹோம் தியேட்டரும் (ஐந்து ஸ்பீக்கர்கள், தாழ்ஒலிக்கு ஒன்று) கூடத்தில் இருக்கின்றன. நடுவில் இரண்டு சுவர்கள். கணினியில் சேர்த்து வைத்திருக்கும் படங்கள், உலாவியில் பார்க்கும் நிகழ்ச்சிகள், எப்போதாவது ஆடும் விளையாட்டுகள் எல்லாவற்றையும் கூடத்துக்குக் கம்பியில்லாமல் கொண்டுபோக விரும்புகிறேன். டிவியில் உள்ள திரைப் பிரதிபலிப்பு வசதியைப் பயன்படுத்திப் பார்த்தேன். படம் அவ்வப்போது திக்குகிறது; ஒலி முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர்களில் மட்டும் வருகிறது. ஒலியைத் தனியாக ப்ளூடூத் வழியே ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை இயக்கும் கருவிக்கு) அனுப்பினால் சரியாகுமா? அல்லது கம்பியில்லா ஹெச்டிஎம்ஐ கருவிதான் வாங்க வேண்டுமா?

பதில்: ப்ளூடூத் யோசனையை இப்போதே கைவிட்டுவிடுங்கள். ப்ளூடூத்தில் இசை செல்லும் ஏ2டிபி முறை இரண்டு சேனல் ஸ்டீரியோவுக்காக அமைந்தது. பின்பக்க ஸ்பீக்கர்களுக்கு அதில் இடமே இல்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. படம் ஒரு வழியிலும் ஒலி வேறொரு வழியிலும் சென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேராது. ஒலி படத்தைவிட 45 மில்லிநொடி முந்தினாலோ 125 மில்லிநொடி பிந்தினாலோ பார்ப்பவருக்கு அது தெரியத் தொடங்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரும் அளவு. ரிசீவரில் உள்ள உதட்டசைவுச் சரிசெய்தல் வசதி ஒலியைத் தாமதப்படுத்த மட்டுமே உதவும். பிந்திவிட்ட ஒலியை அதனால் முன்னுக்கு இழுக்க முடியாது.

சரி, ஒலி ஏன் ஸ்டீரியோவாகச் சுருங்கியது? வைஃபையின் வேகம் போதவில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு ஹெச்டி படத்தைச் சுருக்காமல் நொடிக்கு 60 பிரேம் வீதம் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 3 ஜிகாபிட் வேண்டும். 4கே என்றால் 12 ஜிகாபிட். ஆறு சேனல் ஒலியைச் சுருக்காமல் அனுப்பினாலும் 4.6 மெகாபிட்தான். டிவிடியில் உள்ள டால்பி டிஜிட்டல் என்ற சுருக்கப்பட்ட ஒலி 448 கிலோபிட்டைத் தாண்டாது. அதாவது, படத்தோடு ஒப்பிட்டால் ஒலி ஒரு தூசு. இருந்தும் வழியில் தொலைவது அந்தத் தூசுதான்.

காரணம், கருவிகளுக்கு இடையே நடக்கும் ஒப்பந்தம். ஒரு கருவி அடுத்த கருவியிடம் ‘உனக்கு எத்தனை சேனல் புரியும்?’ என்று கேட்கிறது. ‘இரண்டு’ என்று பதில் வந்தால் இரண்டைத்தான் அனுப்பும். திரைப் பிரதிபலிப்புக்கு விண்டோஸ் பயன்படுத்தும் மிராகாஸ்ட் தரத்தில் இரண்டு சேனல் ஒலி மட்டுமே கட்டாயம், 5.1 என்பது விருப்பத்துக்கு விடப்பட்ட கூடுதல் வசதி. கட்டாயமில்லாததைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் செய்வதில்லை. உங்கள் கூடத்தில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். ரிசீவரின் அமைப்புகளை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை, ஒலி அங்கே வருவதற்கு முன்பே குறுகிவிட்டது.

படம் திக்குவதற்குக் காரணம் வேறு. பிரதிபலிப்பின்போது கணினி தன் திரையைப் பிரேம் பிரேமாகப் பிடித்து, அந்தக் கணத்திலேயே சுருக்கி அனுப்புகிறது. சேமித்து வைத்துக்கொள்ள அவகாசம் இல்லாததால் வைஃபை அரை நொடி தடுமாறினால்கூட திரையில் தெரிந்துவிடும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட படத்தைப் பிரித்து, திரையில் காட்டி, மறுபடி சுருக்கி அனுப்புவது, கையில் இருக்கும் புத்தகத்தைக் கொடுத்துவிடாமல் தொலைபேசியில் வரி வரியாகப் படித்துக் காட்டுவது போன்றது. படக் கோப்பை அப்படியே வலையமைப்பில் எடுத்துப் படிக்கும் பிளேயர் சில நொடிகளுக்கான தரவை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. பிரதிபலிப்பில் திக்கிய அதே வைஃபையில் கோப்பு தடையின்றி ஓடுவதற்கு இதுவே காரணம். ப்ளூரே வட்டின் உச்ச வேகமே நொடிக்கு 50 மெகாபிட் அளவில்தான் இருக்கிறது. 4கே ப்ளூரே கோப்புகள் மட்டும் 100 மெகாபிட்டைத் தாண்டக்கூடும்.

ஆகவே சேமித்த படங்களுக்குத் திரையை அனுப்பும் வேலையே வேண்டாம். படம் இருக்கும் கோப்புறையைக் கணினியில் வலையமைப்புக்குப் பகிர்ந்துவிடுங்கள். அல்லது படங்களைப் பட்டியலிட்டு வீட்டுக்குள் வழங்கும் ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற சர்வர் மென்பொருளை நிறுவுங்கள். கூடத்தில் ஒரு சிறிய மீடியா பிளேயர் பெட்டி இருந்தால் போதும். ஆண்ட்ராய்டு டிவி பெட்டியாக இருக்கலாம், லிப்ரெஎலெக் என்ற மீடியா பிளேயர் இயங்குதளம் நிறுவிய ராஸ்பெரி பை என்ற சிறு கணினியாகவும் இருக்கலாம். முக்கியமான விஷயம், அந்தப் பெட்டியை டிவியில் செருகாதீர்கள். ரிசீவரின் ஹெச்டிஎம்ஐ உள்ளீட்டில் செருகி, ரிசீவரிலிருந்து படத்தை டிவிக்கு அனுப்புங்கள். பெட்டி டிவியோடு பேசினால் டிவிக்கு எத்தனை சேனல் தெரியுமோ அத்தனைதான் கிடைக்கும். ரிசீவரோடு நேரடியாகப் பேசினால் முழு உரையாடலும் நடக்கும்.

பெட்டியில் கோடி மென்பொருளைப் பயன்படுத்தினால் ஒலி அமைப்புகளில் ‘பாஸ்த்ரூ’ என்று ஒன்று இருக்கும். கோப்பில் உள்ள டால்பி அல்லது டிடிஎஸ் ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவரிடம் ஒப்படைக்கும் வசதி அது. உங்கள் ரிசீவர் புரிந்துகொள்ளும் வகைகளை மட்டும் அதில் தேர்ந்தெடுங்கள். புரியாத வகையையும் சேர்த்துவிட்டால் அமைதிதான் கிடைக்கும், சில நேரம் காதைக் கிழிக்கும் இரைச்சல். ஏஏசி வகை 5.1 ஒலி உள்ள கோப்புகளைப் பெட்டியே பிரித்து ஆறு சேனலாக ஹெச்டிஎம்ஐ வழியே அனுப்பிவிடும், கவலை வேண்டாம். பழைய ரிசீவர், ஆப்டிகல் உள்ளீடு மட்டும்தான் என்றால் கதை மாறும். ஆப்டிகல் கேபிளில் சுருக்காத ஒலி இரண்டு சேனலுக்கு மேல் போகாது. சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டலும் டிடிஎஸும் மட்டுமே 5.1 ஆகப் போகும். அங்கே கோடியில் உள்ள ‘டால்பி டிஜிட்டலாக மாற்று’ என்ற வசதியை இயக்கினால் ஏஏசி கோப்புகளும் ஆறு ஸ்பீக்கரிலும் ஒலிக்கும்.

ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ போன்ற இழப்பில்லா வகைகள் வேண்டுமென்றால் பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். என்விடியா ஷீல்ட் டிவி ப்ரோ அவற்றை அப்படியே ரிசீவருக்குக் கடத்தும். ஆப்பிள் டிவி 4கே தானே பிரித்து அனுப்பும், 5.1 கிடைக்கும், ஆனால் ட்ரூஹெச்டியில் பொதிந்த அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி வரவைக்கும் டால்பி வகை) கிடைக்காது. சாதாரண 5.1 அமைப்பில் இந்த வேறுபாட்டுக்காகப் பெரிய தொகை செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. 640 கிலோபிட் டால்பி டிஜிட்டலைக் குறை சொல்லும் அளவுக்குக் கூர்மையான காது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஸ்பீக்கர்களைச் சரியான இடத்தில் வைப்பது அதைவிடப் பத்து மடங்கு பலன் தரும்.

சர்வர் மென்பொருளில் ஒரு கண்ணி இருக்கிறது. கோப்பை அப்படியே அனுப்பாமல், பெட்டிக்கு ஏற்றபடி கணினியே மாற்றி அனுப்பும் நிலைக்கு அது தானாகத் தாவிவிடும். அப்போது ஒலி சத்தமில்லாமல் ஸ்டீரியோ ஆகிவிடக்கூடும். படவடிவ சப்டைட்டிலை இயக்கினாலேகூட இப்படி நடக்கலாம். படம் ஓடும்போது சர்வரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘நேரடியாக ஓடுகிறது’ என்று இருக்க வேண்டும். ‘மாற்றப்படுகிறது’ என்று இருந்தால் காரணத்தையும் அங்கேயே சொல்லியிருப்பார்கள்.

உலாவியில் பார்க்கும் நிகழ்ச்சிகளுக்குக் கணினியை மறந்துவிடுங்கள். அதே சேவையின் செயலியைக் கூடத்துப் பெட்டியில் நிறுவினால், 5.1 உள்ள படங்களுக்கு அது டால்பி டிஜிட்டல் பிளஸ் ஒலியை நேரடியாக வாங்கித் தரும். உலாவியில் பல நேரம் ஸ்டீரியோதான் கிடைக்கும். காஸ்ட் பொத்தானிலும் இரண்டு வகை உண்டு. சேவையின் பக்கத்துக்குள்ளேயே இருக்கும் பொத்தான், ‘இந்தப் படத்தை நீயே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்’ என்று பெட்டிக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். உலாவியின் பட்டியலிலிருந்து முழுத் தாவலையும் அனுப்பினால் அது மறுபடி திரைப் பிரதிபலிப்புதான், ஸ்டீரியோதான். நகல் பாதுகாப்பு காரணமாக வெறும் கறுப்புத் திரை வந்தாலும் வியப்பில்லை.

விளையாட்டுகளுக்குத்தான் திரையை அனுப்பாமல் வேறு வழியில்லை. அதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள் இருக்கின்றன. கணினியில் சன்ஷைன், கூடத்துப் பெட்டியில் மூன்லைட், இரண்டும் இலவசம். கிராபிக்ஸ் கார்டே படத்தைச் சுருக்குவதால் தாமதம் குறைவு. மூன்லைட்டின் அமைப்புகளில் ஸ்டீரியோ, 5.1, 7.1 என்று தேர்வு செய்யலாம். கணினியில் 5.1 ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் மெய்நிகர் ஒலிக்கருவி ஒன்றின் மூலம் ஆறு சேனலையும் பிடித்து அனுப்பிவிடும். முழு மேசைத்திரையையும் இதே வழியில் கூடத்துக்குக் கொண்டுவரலாம் என்பதால், பெட்டியில் செயலி கிடைக்காத அரிதான விஷயங்களுக்கும் இதையே பயன்படுத்துங்கள்.

இனி நீங்கள் கேட்ட கம்பியில்லா ஹெச்டிஎம்ஐ. 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை ஒரே அறைக்குள் அருமையாக வேலை செய்யும், சுவர் வந்தால் நின்றுவிடும். இடையில் ஆள் நடந்தாலே சில கருவிகள் தடுமாறும். உங்கள் இரண்டு சுவர்களுக்கு அது ஆகாது. 5 கிகாஹெர்ட்ஸ் வகை சுவரைத் தாண்டும், ஆனால் படத்தைச் சுருக்கியே அனுப்பும்; மலிவான பல கருவிகளில் ஒலி ஸ்டீரியோ மட்டும்தான். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் 4கே என்று இருப்பதைப் பார்க்காதீர்கள். விவரப் பட்டியலில் ஒலி என்ற வரியில் 5.1 என்றோ டால்பி டிஜிட்டல் என்றோ வெளிப்படையாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் இல்லை என்றே கொள்ளுங்கள். உங்கள் தேவைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வைஃபையைப் பற்றி ஒன்று மட்டும். கணினியும் கம்பியில்லாமல், பெட்டியும் கம்பியில்லாமல் இருந்தால் ஒவ்வொரு பிட்டும் காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது: கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு இன்னொரு முறை. ஒரே வைஃபை சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் வேகம் பாதியாகிவிடும். கணினியை மட்டுமாவது ரவுட்டரோடு நெட்வொர்க் கேபிளில் இணைத்துவிடுங்கள். ரவுட்டர் பக்கத்து மேசையில் இருந்தால் ஒரு முழக் கேபிள் போதும். பெட்டியை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே உள்ளன. அவற்றில் அண்டை வீட்டாரும் குடியிருக்கிறார்கள். இரண்டு சுவர்களையும் துளைத்து ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்துவிட முடியுமானால் கூச்சப்படாமல் இழுங்கள். கம்பியில்லாமல் இருப்பதில் தனிப் பெருமை ஏதும் இல்லை.

எல்லாம் முடிந்ததும் பின்பக்க ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது என்பதை வைத்து வெற்றி பெற்றதாக நினைத்துவிடாதீர்கள். ரிசீவர்கள் ஸ்டீரியோ ஒலியையே நீட்டி எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பரப்பும் வித்தை தெரிந்தவை. முகப்பில் ப்ரோ லாஜிக் என்றோ டால்பி சரவுண்ட் என்றோ தெரிந்தால் அந்த வித்தை நடக்கிறது என்று பொருள். தகவல் பொத்தானை அழுத்தி உள்ளே வரும் ஒலி எது என்று பாருங்கள். டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், மல்டி சேனல் பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று ஏதாவது ஒன்று, கூடவே 3/2/.1 போன்ற குறி தெரிய வேண்டும்: முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தாழ்ஒலிக்கு ஒன்று. வெறும் பிசிஎம் 2.0 என்றால் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி குறுகியிருக்கிறது; பின்னோக்கிப் போய்த் தேடுங்கள்.

பெட்டி வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் டிவியிலேயே செயலிகள் நிறுவ முடியும் என்றால், ஜெல்லிஃபின் செயலியை அதில் போட்டு, டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும், ஏஆர்சி எனக் குறித்த ஹெச்டிஎம்ஐ முனையை ரிசீவரின் ஏஆர்சி முனையோடு இணையுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் ‘பிசிஎம்’ என்பதை ‘பாஸ்த்ரூ’ அல்லது ‘ஆட்டோ’ என்று மாற்றுங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பிசிஎம் என்று இருக்கும் டிவிகள் உண்டு. பல வீடுகளில் ஹோம் தியேட்டர் வருடக்கணக்கில் ஸ்டீரியோவாகவே ஓடிக்கொண்டிருப்பதற்கு அந்த ஒரு தேர்வு போதும். டால்பி டிஜிட்டல் ஒலியுள்ள படம் ஒன்றை ஓட விட்டு ரிசீவர் முகப்பைப் பாருங்கள். 5.1 தெரிந்துவிட்டால் பெட்டிச் செலவு மிச்சம். டிடிஎஸ் கோப்புகள் மட்டும் ஊமையாக இருந்தால், உங்கள் டிவி டிடிஎஸை ஏற்காத வகை. அப்போது பெட்டி வாங்குங்கள்.