பழைய ஸ்போர்ட்ஸ் காரில் டிரெய்லர் கொக்கி: பதிவு, காப்பீடு, பட்டறையின் பொறுப்பு

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். என் தந்தையார் விட்டுச்சென்ற 1967-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் என் பெயரில் பதிவாகி, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்கப்பட்டு வருகிறது. பழைய வாகனக் கண்காட்சிகளுக்கு என் பழைய மோட்டார் சைக்கிளையும் கொண்டுசெல்ல விரும்பி, சேலத்தில் ஒரு பட்டறையில் 22,000 ரூபாய் கொடுத்து காரின் பின்னால் டிரெய்லர் கொக்கி வைத்தேன். டிக்கியின் அடித்தகட்டில் இரண்டு இடத்தில் வெல்டிங் செய்திருக்கிறார்கள். இரண்டு சக்கர டிரெய்லரையும் தாங்களே செய்து தருவதாகச் சொல்லித் தனியாக முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். ஆர்.டி.ஓ. அலுவலக வேலையையும் தாங்களே பார்த்துக்கொள்வதாக ரசீதிலேயே எழுதியிருக்கிறார்கள். இன்னும் நான்கு மாதத்தில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கொக்கி இருந்தால் புதுப்பிக்க முடியாது என்று ஆய்வாளர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். நான் என்ன செய்வது?

பதில்: ஆய்வாளர் சொன்னதில் சட்ட அடிப்படை இருக்கிறது. ஆனால், அவர் வாயால் சொன்னது உத்தரவு ஆகாது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும் விதத்தில் உரிமையாளர் வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்தத் தடையைக் கறாராகவே பொருள்கொண்டது. ஆயினும் அதே பிரிவின் விளக்கக் குறிப்பு, 'மாற்றம்' என்பது வாகனத்தின் அடிப்படை அம்சத்தையே மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றம் என்று வரையறுக்கிறது. ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு மாட்டி, வேண்டாதபோது கழற்றி வைக்கக்கூடிய கொக்கியாக இருந்திருந்தால், இந்த விளக்கக் குறிப்பைக் கொண்டு உங்களுக்காக நியாயமாக வாதாட முடியும். அந்தக் காரின் உற்பத்தியாளரே அத்தகைய இணைப்பைத் துணைப்பொருளாக விற்றதற்கு அக்காலத்துக் கையேடோ உதிரிபாகப் பட்டியலோ சான்றாகக் கிடைத்தால், வாதம் இன்னும் வலுப்படும்.

உங்கள் காரில் நடந்திருப்பது அதுவல்ல. எம்.ஜி.பி. காருக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டகம்) கிடையாது. தகட்டால் ஆன உடற்கூடே அதன் அடிச்சட்டகமாகவும் நிற்கிறது. ஆகவே டிக்கியின் அடித்தகட்டில் வைத்த வெல்டிங், காரின் கட்டமைப்பிலேயே கை வைத்ததாகத்தான் பார்க்கப்படும். அனுமதியற்ற மாற்றத்துக்கு 182-ஏ(4) பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கலாம். செய்தது பட்டறைக்காரர் என்று சொல்லி உரிமையாளர் இதிலிருந்து விலகிக்கொள்ள முடியாது.

அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகப்படும் இழப்பு ஒன்று உண்டு. அதைப் பற்றி உங்களிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 81-ஏ முதலான விதிகள், ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 'விண்டேஜ்' என்ற தனித்தகுதியைத் தந்திருக்கின்றன. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வாகனம் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, பழைய வாகன அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம் என்ற கட்டுப்பாடு உண்டு என்றாலும், நீங்கள் அந்தக் காரை வெளியே எடுப்பதே இவற்றுக்காகத்தான். இத்தகுதிக்கு அடிப்படை நிபந்தனை, வாகனம் அதன் அசல் வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. அரை நூற்றாண்டுக்கு மேலாக உங்கள் குடும்பம் கலைக்காமல் காத்துவந்த ஒன்றை இரண்டு வெல்டிங் புள்ளிகளுக்காக இழந்துவிடாதீர்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

டிரெய்லரைப் பொறுத்தவரை, அதைக் காரோடு சேர்ந்த ஒரு துணைப்பொருள் என்று எண்ணுவதுதான் பொதுவான தவறு. சட்டத்தின் 2(28) பிரிவு 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரையும் அடக்குகிறது. ஆகவே அதற்குத் தனிப் பதிவும் தனிக் காப்பீடும் வேண்டும். இழுத்துச் செல்லும் காரின் எண்ணையும் அதன்மீது காட்ட வேண்டும் என்று 61-ஆவது பிரிவு கூறுகிறது. பதிவுக்குப் படிவம் 21-இல் விற்பனைச் சான்றும், படிவம் 22-இல் சாலைத் தகுதிச் சான்றும் தேவை. இவற்றை முறையான தயாரிப்பாளர்தான் தர முடியும். வெல்டிங் பட்டறை ஒன்று கோண இரும்பை வெட்டிச் செய்யும் வண்டிக்கு இச்சான்றுகள் எங்கிருந்து வரும் என்பதை, மீதித் தொகையைக் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பதிவில்லாமல் ஓட்டினால் 192-ஆவது பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

காப்பீட்டு விஷயத்தில்தான் உங்களைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுகிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் காரின் எடையே ஆயிரம் கிலோவுக்குக் குறைவு. 1967-ஆம் ஆண்டுக் காரில் பிரேக் எண்ணெய்ச் சுற்றும் ஒன்றே ஒன்றுதான், ஒரு குழாய் கசிந்தால் கால் பிரேக் முழுவதும் போய்விடும். தனக்கென பிரேக் இல்லாத ஒரு டிரெய்லர், மோட்டார் சைக்கிளின் பாரத்தோடு இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும்போது, அந்தக் காரின் நிலையை எண்ணிப்பாருங்கள். அங்கே ஒரு விபத்து நேர்ந்து டிரெய்லர் யார்மீதாவது மோதினால், காப்பீடு இல்லாத அந்த டிரெய்லரின் பொருட்டு எழும் இழப்பீட்டுச் சுமை உங்கள் தலையில், உங்கள் தோட்டத்தின்மீது வந்து விழக்கூடும். உயிரிழப்பு ஏற்பட்டால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவின்கீழ், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய வழக்கையும் சந்திக்க நேரும். காரின் சொந்தச் சேதத்துக்கான கோரிக்கையிலும், கொக்கி பொருத்தியதைத் தெரிவிக்கவில்லை என்ற ஆட்சேபணையை நிறுவனம் எழுப்பும். தனியார் கார் பாலிசிகள் சொந்த உடைமைப் பைகளையும் மாதிரிப் பொருள்களையும் தவிர வேறு சரக்கு ஏற்றுவதை விலக்கியிருப்பதால், மோட்டார் சைக்கிள் எந்த வகையில் அடங்கும் என்ற சர்ச்சையும் கிளம்பும்.

ஆகவே என் ஆலோசனை இது. கொக்கியை அகற்றிவிடுங்கள். அகற்றும் முன் வெல்டிங் இருக்கும் இடங்களைத் தேதியுடன் படமெடுத்துக்கொள்ளுங்கள். அசல் தகட்டுக்கு ஊறு வராமல் பிரித்து, பழைய நிலைக்குக் கொண்டுவரத் தெரிந்த நல்ல டிங்கரிடம் வேலையை ஒப்படைத்து, ரசீது வாங்குங்கள். டிக்கித் தளத்துக்கு நேர் கீழேதான் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. அதைக் கழற்றாமல் கிரைண்டரை வைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். அதன்பின் புதுப்பித்தலுக்கு முறைப்படி விண்ணப்பித்து, காரை ஆய்வுக்குக் காட்டுங்கள். சீரமைத்த பிறகும் மறுத்தால், காரணத்தோடு எழுத்துப்பூர்வமான உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 57-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். எழுத்தில் உத்தரவு இல்லையென்றால் மேல்முறையீட்டுக்குப் பிடிமானமே இருக்காது என்பதால், இதில் தயக்கம் காட்டாதீர்கள்.

பட்டறைக்குக் கொடுத்த பணம் போனதுதான் என்று விட்டுவிட வேண்டாம். அரசு அலுவலக ஒப்புதலைத் தாங்களே பெற்றுத்தருவதாக ரசீதில் எழுதிக்கொடுத்துவிட்டு, ஒப்புதல் கிடைக்க வழியில்லாத வேலையைச் செய்தது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் சேவைக் குறைபாடு என்று வாதிட உங்களுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. கொக்கிக்கான 22,000 ரூபாய், டிரெய்லருக்கான முன்பணம், சீரமைப்புச் செலவு ஆகியவற்றைக் கேட்டுப் பதினைந்து நாள் அவகாசத்துடன் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான மதிப்புக்குப் புகார்க் கட்டணம் இல்லை; காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ரசீதின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் போதும்.

மோட்டார் சைக்கிளைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக, அதற்குரிய ஆவணங்களோடு ஒரு சிறு சரக்கு வாகனத்தை வாடகைக்கு எடுத்து முன்னே அனுப்பிவிட்டு, காரை நீங்களே பின்னால் ஓட்டிச் செல்லுங்கள்.