அம்மாவின் மறதிக்குக் கண்புரை காரணமா?

கேள்வி: அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஒரு வருடமாக மறதி. ஞாபகப் பரிசோதனையில் மதிப்பெண் குறைவு. இரண்டு கண்ணிலும் புரை. "இன்னும் முற்றட்டும்" என்கிறார் கண்ணாடிக் கடைக்காரர். ஆபரேஷன் செய்தால் மறதி சரியாகுமா?

பதில்: மறதி நோய் தொடங்கிவிட்டிருந்தால் கண் ஆபரேஷன் அதைப் போக்காது. அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். 2024-ல் லான்செட் ஆய்வுக் குழு, மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய 14 காரணங்களில் சரிசெய்யாத பார்வைக் குறைவையும் சேர்த்தது. 2022-ல் வெளியான சியாட்டில் ஆய்வில், புரை எடுத்துக்கொண்ட முதியவர்களுக்கு மறதி நோய் சுமார் 30 சதவீதம் குறைவாக வந்தது. தொடர்பு உண்டு, உத்தரவாதம் இல்லை.

முதலில் அந்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள். கடிகாரம் வரை, கனசதுரத்தைப் பார்த்து வரை என்று புரை விழுந்த கண்ணிடம் கேட்டால் கோடு கோணத்தான் செய்யும். ஞாபக ஓ.பி.யில் கண்ணாடி எங்கே என்று கேட்பதில்லை, கண் ஓ.பி.யில் மறதி உண்டா என்று கேட்பதில்லை. இரண்டு கட்டிடத்துக்கும் சீட்டோடு அலைவது முதியவர்தான். இது எத்தனை வருடம் இப்படியே போகும்? ஆபரேஷன் முடிந்து புதுக் கண்ணாடி போட்டபின் பரிசோதனையைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனையை அதுவரை தள்ளிப்போடாமல் இப்போதே எடுத்துவிடுங்கள். மெட்ஃபார்மின் பி12-ஐக் குறைக்கும், அது குறைந்தாலும் மறதி வரும்.

"முற்றட்டும்" என்பது அந்தக்காலப் பேச்சு. முற்றிய புரை கல்லாகிவிடும். உடைக்க அதிக அல்ட்ராசவுண்ட் சக்தி தேவைப்படும், கருவிழி வீங்கும். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று எதுவும் கிடையாது. விற்பவரிடம் வாங்காதீர்கள். கவுன்டரில் உட்கார்ந்து "மல்டிஃபோகல் பேக்கேஜ்" விரிப்பவரிடமும் உஷார். மல்டிஃபோகல் என்பது தூரம், கிட்டம் இரண்டுக்குமாகக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ். அது ஒளியைப் பிரிப்பதால் மங்கலான வெளிச்சத்தில் வேறுபாடு தெரிவது குறையும். சர்க்கரையால் விழித்திரை பாதித்திருந்தால் இன்னும் மோசம். உங்கள் அம்மாவுக்கு ஒரே தூரத்துக்கான சாதாரண மோனோஃபோகல் லென்ஸ் போதும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே வைப்பார்கள். "கண்ணைப் படம் எடுத்து அல்சைமர் சொல்கிறோம்" என்பதற்கும் காசு கொடுக்காதீர்கள். அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு. புரையும் எடுத்தாயிற்று, கண் பரிசோதனை அட்டையில் சின்ன எழுத்தும் வாசிக்கிறார், ஆனால் செய்தித்தாளில் வரி தாண்டுகிறது. கண்ணெதிரே கிடக்கும் சாவி தெரியவில்லை. டம்ளரை எடுக்கப் போகும் கை பக்கத்தில் விழுகிறது. இது கண்ணின் குறை இல்லை. மூளையின் பின்பகுதி சுருங்கும் ஒருவகை மறதி நோய் இப்படித்தான் தொடங்கும், பெரும்பாலும் அறுபதைத் தொட்டோ அதற்கு முன்போ. மூன்றாவது முறை கண்ணாடி மாற்றிக்கொண்டிருக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

மறதி இருப்பதை ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் சொல்லுங்கள். மயக்க ஊசியைக் குறைத்து, கூடியவரை சொட்டு மருந்தால் கண்ணை மரத்துப்போக வைத்தே செய்யப் பார்ப்பார். வீட்டுக்கு வந்தபின் நான்கு முதல் ஆறு வாரம் சொட்டு மருந்தை நீங்களே போடுங்கள், இரண்டு மருந்துக்கு இடையே ஐந்து நிமிடம் விட்டு. இரவில் கண்மேல் பிளாஸ்டிக் மூடியை ஒட்டிவிடுங்கள். தூக்கத்தில் கண்ணைக் கசக்கிவிடுவார்.